ஓடும்போது குளிர்கிறது, நின்றால் அனலடிக்கிறது: கண்டன்சரை மாற்றத்தான் வேண்டுமா?

முத்துநகர் செல்வி (தூத்துக்குடி):

அனைவருக்கும் வணக்கம். 2016இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார் என்னுடையது. பள்ளிக்கு முத்தையாபுரம், பழையகாயல் வழியாகத்தான் போய் வருகிறேன். உப்பளங்களுக்கு நடுவே ஓடும் சாலை. சென்ற ஆண்டு கோடையில் ஏசி குளிரவில்லை என்று கேஸ் நிரப்பினார்கள். இந்த ஏப்ரலிலும் நிரப்பினார்கள். மூன்று வாரம்கூட ஆகவில்லை. வண்டி ஓடும்போது ஓரளவு குளிர்கிறது. ரயில்வே கேட்டில் ஐந்து நிமிடம் நின்றால் வெறும் காற்றுதான், அதுவும் சூடாக. மறுபடி வேகமெடுத்தால் குளிர் திரும்புகிறது.

அதே கடையில் இப்போது "கண்டன்சர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்கிறார்கள். முன் கிரிலுக்குப் பின்னால் இருந்து ஏசியின் வெப்பத்தை வெளியே விடும் பகுதியாம் அது. எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. கம்பெனி பொருளுக்கு ஒரு விலை, வெளிச்சந்தைப் பொருளுக்கு அதில் பாதிக்கும் குறைவான விலை. மாற்றுவதற்கு எனக்கு மறுப்பில்லை. ஆனால் மாற்றினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை வந்த பிறகே பணம் கொடுக்க விரும்புகிறேன். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

நெடுஞ்சாலை மணி (மதுரை, வாடகைக் கார் ஓட்டுநர்):

சகோதரி, கோடைக்குக் கோடை கேஸ் நிரப்புவது எங்கள் தொழிலில் வழக்கம்தான். அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் நிரப்பி மூன்று வாரத்திலேயே இப்படி என்றால் வேறு ஏதோ இருக்கிறது.

பணிமனை ராசு (கோவை, கார் ஏசி பழுதுபார்ப்பு):

செல்வி அக்கா, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடினால் குளிர், நின்றால் சூடு. இது கண்டன்சருக்குக் காற்று போதவில்லை என்பதற்கான அடையாளம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று தானாகவே முன் கிரில் வழியாகப் புகுந்து கண்டன்சரைக் குளிர்விக்கிறது. நின்றவுடன் அந்தக் காற்று இல்லை. விசிறி மட்டுமே துணை. ஆகவே கண்டன்சரைக் கழற்றுவதற்கு முன்னால் விசிறியைப் பார்க்க வேண்டும்.

நீங்களே வீட்டு வாசலில் சிலவற்றைப் பார்க்கலாம். பானெட்டைத் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போடுங்கள். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் ஈடுபடும் 'டக்' ஒலி கேட்ட சிறிது நேரத்தில் விசிறி சுற்ற வேண்டும். சுற்றுகிறதா, முழு வேகத்தில் சுற்றுகிறதா, சோர்ந்து சுற்றுகிறதா என்று பாருங்கள். கையை அருகே கொண்டுபோக வேண்டாம். மின்விசிறி எந்த நொடியிலும் தானாக ஓடத் தொடங்கும்.

அடுத்தது, ஏசி சூடாகிவிட்ட நிலையில் ஒரு குவளைத் தண்ணீரை முன் கிரில் வழியாகக் கண்டன்சர் மேல் மெதுவாகத் தெளியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உள்ளே குளிர்காற்று வந்தால், குறை வெப்பம் வெளியேறும் பக்கத்தில் இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கடைசியாக, டார்ச் அடித்துக் கண்டன்சரின் முகத்தைப் பாருங்கள். எங்கேனும் எண்ணெய்ப் பிசுக்கில் மண் ஒட்டிக் கறுத்திருந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கேஸ் தனியாகக் கசிவதில்லை; தன்னோடு சுற்றும் கம்ப்ரசர் எண்ணெயையும் இழுத்துக்கொண்டுதான் வெளியேறும்.

மணி அண்ணனிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஏசி கேஸ் பெட்ரோல்போல எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய சுற்றுக்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுழல்கிறது. ரப்பர் குழாய்கள், கம்ப்ரசர் தண்டின் சீல் வழியாக மிகச் சிறிய அளவு கசிவது உண்மை. அதன் விளைவு தெரியப் பல ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு கோடையிலும் நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால் அந்த வண்டியில் ஓட்டை இருக்கிறது என்றே பொருள். ஓட்டையைத் தேடாமல் நிரப்பி அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன்.

வெப்பவியல் (திருச்சி, பொறியியல் கல்லூரி ஆசிரியர்):

ராசு சொன்னதற்குப் பின்னாலுள்ள காரணத்தை விளக்குகிறேன். கம்ப்ரசரிலிருந்து கேஸ் கடும் சூடாக, உயர் அழுத்தத்தில் கண்டன்சருக்குள் நுழைகிறது. அங்கே வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. காருக்குள்ளிருந்து எடுத்த வெப்பம் மட்டுமல்ல, கம்ப்ரசர் செலவிட்ட ஆற்றலும் வெப்பமாக இங்கேதான் வெளியேற வேண்டும். வெளியே 38 டிகிரி என்றால் கண்டன்சருக்குள் கேஸ் 55 முதல் 60 டிகிரி அளவில் திரவமாகும். கார் ஏசிகளில் பரவலாக உள்ள ஆர்134ஏ வாயுவுக்கு 60 டிகிரியில் அழுத்தம் ஏறத்தாழ 230 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு). ஆகவே கேஜ் மீட்டரின் உயரழுத்த முள்ளைப் பார்த்தே கண்டன்சர் எந்த வெப்பநிலையில் திணறுகிறது என்று அறியலாம்.

காற்று குறைந்தால் என்ன நடக்கும்? அதே வெப்பத்தை வெளியேற்றக் கண்டன்சருக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு கூடியாக வேண்டும். அதனால் அழுத்தம் ஏறுகிறது, கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கிறது, குளிர் குறைகிறது. அழுத்தம் 400 பிஎஸ்ஐக்கு மேல் போனால் பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். ரயில்வே கேட்டில் உங்களுக்கு நடப்பது இந்தச் சங்கிலிதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. அளவுக்கு மேல் கேஸ் நிரப்பினாலும் இதே அறிகுறிதான் தோன்றும். மிகுதியான திரவம் கண்டன்சரின் கீழ்வரிசைக் குழாய்களில் தேங்கிவிடும். கேஸ் திரவமாவதற்கு மிஞ்சும் பரப்பு சுருங்கும்; பெரிய கண்டன்சர் இருந்தும் சிறிய கண்டன்சர் போலவே அது வேலை செய்யும். ஏப்ரலில் எடைபோட்டு நிரப்பினார்களா?

முத்துநகர் செல்வி:

மிக்க நன்றி. இன்று காலையில் எல்லாவற்றையும் பார்த்தேன். விசிறி சுற்றுகிறது, ஆனால் வேகம் இல்லை. இதழ்களைத் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. தண்ணீர் தெளித்ததும் உடனே குளிர்ந்தது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கண்டன்சரின் கீழ்ப்பகுதியில் தகடுகள் வெளிறிப்போய், துணியால் தொட்டாலே வெள்ளைப் பொடியாக உதிர்கின்றன. இடப்பக்கக் கீழ்மூலையில் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கு.

எடைபோட்டதாக நினைவில்லை. கேஜ் மீட்டரின் நீல முள்ளைப் பார்த்துக்கொண்டே சிலிண்டரைத் திறந்துவிட்டார், "போதும்" என்று மூடிவிட்டார்.

ஈசிஆர் குமரன் (சென்னை, கொட்டிவாக்கம்):

கடலோரத்தில் இருக்கிறேன், இதே அனுபவம் எனக்கும் உண்டு. அவசரப்பட்டுப் புதியது வாங்காதீர்கள். ஓட்டை விழுந்த இடத்தை ஆர்கான் வெல்டிங் வைத்து அடைத்துவிடலாம். சில நூறு ரூபாயில் வேலை முடியும். எங்கள் பகுதியில் பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

பணிமனை ராசு:

குமரன், எல்லா இடத்திலும் வெல்டிங் நிற்காது. கண்டன்சரின் நுழைவுக் குழாய், வெளியேறும் குழாய், அவை பொருந்தும் கட்டை ஆகிய தடித்த பகுதிகளில் கைதேர்ந்தவர் வைத்தால் நிற்கும். நான்கூடச் செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் இன்றைய கண்டன்சரின் உடல் தட்டையான அலுமினியக் குழாய்களால் ஆனது. குழாயின் சுவர் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்குள் நுண்ணிய பல வழிகள். அங்கே வெல்டிங் வைத்தால் ஓட்டை அடைபடும்போதே பக்கத்துக் குழாய் உருகும், அல்லது உள்வழி அடைபடும். கல் பட்டு ஒரே இடத்தில் ஓட்டை விழுந்த புது கண்டன்சர் என்றால்கூடப் பேசிப் பார்க்கலாம். உப்பு அரித்தது அப்படி அல்ல. ஓரிடத்தில் கசிகிறது என்றால் மற்ற இடங்களிலும் உலோகம் மெலிந்துவிட்டது. இன்று அடைத்தால் அடுத்த மாதம் அரை அடி தள்ளிக் கசியும். ஒவ்வொரு முறையும் கேஸும் எண்ணெயும் கூலியும் வீண்.

கசிவை அடைக்கும் திரவம் என்று ஒன்று விற்கிறார்கள். அதை மட்டும் யார் சொன்னாலும் ஊற்ற விடாதீர்கள். ஓட்டையை அடைக்கும் பொருள், திரவத்தை அளவாக உள்ளே விடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையையும் அடைத்துவிடும்.

செல்வி அக்கா, உங்கள் வண்டியில் மூன்று குறைகள் சேர்ந்திருப்பதாகத் தெரிகிறது. விசிறி மோட்டார் தேய்ந்திருக்கிறது, அல்லது வேகம் மாற்றும் ரெசிஸ்டரோ ரிலேயோ பழுது. கண்டன்சரின் தகடுகள் உதிர்ந்து வெப்பம் கடத்தும் பரப்பு போய்விட்டது. மூலையில் கசிவும் இருக்கலாம். கடைக்காரர் சொன்ன முடிவு சரியாகவே இருக்கும். ஆனால் கண்டன்சரை மட்டும் மாற்றி இதே விசிறியோடு அனுப்பினால், ரயில்வே கேட்டில் மறுபடியும் வியர்க்கும். அதனால்தான் சோதிக்காமல் பொருளை மாற்றுவதை எதிர்க்கிறேன்.

கசிவை உறுதிசெய்யச் சொல்லுங்கள். கேஸை முறைப்படி எடுத்துவிட்டு, உலர்ந்த நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி, சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வேக்யூம் போட்டு முள் நின்றுவிட்டது, கசிவு இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது போதாது. வேக்யூமில் உள்ளுக்கும் வெளிக்கும் வேறுபாடு ஒரு பார், அதாவது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் மட்டுமே. ஓடும்போது பதினைந்து பாருக்கு மேல். அந்த அழுத்தத்தில் மட்டும் திறக்கும் ஓட்டைகள் உண்டு. பணிமனையில் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரால் சோதிக்க முயன்றால் தடுத்துவிடுங்கள், ஈரம் உள்ளே போகும். ஆக்சிஜன் சிலிண்டரை அருகில்கூடக் கொண்டுவரக் கூடாது. எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

முத்துநகர் செல்வி:

தெளிவாகிவிட்டது, ராசு. மாற்றுவதாகவே வைத்துக்கொள்வோம். வேலை சரியாக நடக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? வெளிச்சந்தைப் பொருள் வாங்கலாமா?

பணிமனை ராசு:

முதலில் பொருள். வெளிச்சந்தையில் நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. பழையதையும் புதியதையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். தகடுகளின் நெருக்கம், குழாய் வரிசைகளின் எண்ணிக்கை, பொருத்தும் காதுகளின் இடம், எல்லாம் ஒத்திருக்க வேண்டும். தகடுகள் இடைவெளி விட்டு இருந்தால் விலை குறைந்ததற்குக் காரணம் அதுதான். உங்கள் சாலைக்கு அரிப்பைத் தடுக்கும் பூச்சு உள்ள கண்டன்சர் கிடைத்தால், விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குங்கள்.

புதிய கண்டன்சரின் குழாய் வாய்களில் மூடிகள் இருக்கும். பொருத்தும் கடைசி நிமிடம்வரை அவற்றைத் திறக்கக் கூடாது. பெரும்பாலான கார்களின் கம்ப்ரசரில் பயன்படும் பிஏஜி எண்ணெயும், கேஸிலுள்ள ஈரத்தை நீக்கும் ட்ரையரில் உள்ள உலர்த்தும் மணிகளும் காற்றிலிருக்கும் ஈரத்தை வேகமாக உறிஞ்சுபவை. தூத்துக்குடியில் காற்றே ஈரம். காலையில் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு மாலையில் மாட்டுபவரிடம் வண்டியை விடாதீர்கள். உங்கள் காரில் ட்ரையர் பெரும்பாலும் கண்டன்சரின் பக்கவாட்டிலேயே ஒரு குழலாக இணைந்திருக்கும்; புதியதோடு சேர்ந்தே வரும். தனியாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

குழாய் இணைப்புகளில் வரும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள் புதியவையாக இருக்கட்டும். ஏசிக்கென்றே வரும் ரப்பர் வேறு, சாதாரண ரப்பர் வேறு. கம்ப்ரசர் எண்ணெயைத் தடவித்தான் மாட்ட வேண்டும். நட்டை அளவோடு இறுக்க வேண்டும். அலுமினிய மரை ஒருமுறை தேய்ந்தால் குழாயையே மாற்ற நேரும். பழைய கண்டன்சரோடு வெளியே போன எண்ணெய்க்கு ஈடாகக் கையேட்டில் சொன்ன அளவு எண்ணெய் விட வேண்டும், பொதுவாக 30, 40 மில்லி அளவில் இருக்கும். குறைந்தால் கம்ப்ரசர் தேயும், கூடினால் குளிர் குறையும்.

பலரும் தூக்கி எறியும் ஒன்றைச் சொல்கிறேன். கண்டன்சரின் ஓரங்களில் பஞ்சுப் பட்டைகளும் பிளாஸ்டிக் தடுப்புகளும் இருக்கும். பார்க்க வேண்டாதவைபோல இருக்கும். எஞ்சின் பக்கம் போன சூடான காற்று, வண்டி நிற்கும்போது சுற்றி வந்து மறுபடி கண்டன்சருக்குள் நுழையாமல் தடுப்பவை அவைதான். பம்பரைக் கழற்றி மாட்டியபின் அவை அத்தனையும் இடத்தில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

பிறகு வேக்யூம். குறைந்தது அரை மணி நேரம், உங்கள் ஊருக்கு ஒரு மணி நேரம் நல்லது. உள்ளே காற்றை எடுப்பதற்காக மட்டும் அல்ல. அழுத்தம் அவ்வளவு குறைந்தால் ஈரம் சாதாரண வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். கடைசியாக கேஸ், எடைபோட்டு. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளில் எந்த வாயு, எத்தனை கிராம் என்று இருக்கும். சிறிய கார்கள் அரைக் கிலோவுக்கும் குறைவாகவே கொள்கின்றன. அதில் நூறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய மாற்றம். முள்ளைப் பார்த்து நிரப்புவது அந்தத் துல்லியத்தைத் தராது.

பாலைத்தமிழன் (தோகா, கத்தார்):

ராசு எழுதியது அத்தனையும் இங்கேயும் பொருந்தும். ஒரு சேர்க்கை. அந்தத் தாளைப் படிக்காமல் எதையும் நிரப்ப விடாதீர்கள். ஐரோப்பாவில் 2017 முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஆர்134ஏ தடை. அதற்கு மாற்றாக வந்த ஆர்1234ஒய்எஃப் கொண்ட வண்டிகள் இங்கே நிறைய ஓடுகின்றன. அதன் நிரப்பு முனையே வேறு, சற்றுத் தீப்பற்றக்கூடியது, விலை பல மடங்கு. உங்கள் வண்டியில் பெரும்பாலும் ஆர்134ஏதான் இருக்கும். ஆனாலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணல்காற்று முடிந்ததும் நாங்கள் கண்டன்சரைக் கழுவுவோம். வீட்டு ஏசிக்கு அடிக்கும் அமிலக் கரைசல்களைக் கண்டன்சரில் பயன்படுத்தாதீர்கள், அலுமினியத்தைத் தின்றுவிடும். வெறும் நல்ல தண்ணீர், தேவைப்பட்டால் மென்மையான ஷாம்பூ போதும். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் படுத்துவிடும். படுத்த தகடு வழியே காற்று போகாது.

வெப்பவியல்:

கேஸ் எங்கே வாங்குகிறார்கள் என்பதையும் கேளுங்கள். மலிவான சிலிண்டர்களில் கலப்படம் உண்டு. 2011இல் கப்பல் குளிர்கொள்கலன்களின் கம்ப்ரசர்கள் வெடித்துத் துறைமுகத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆர்134ஏ என்ற பெயரில் நிரப்பப்பட்ட வாயுவில் மெத்தில் குளோரைடு கலந்திருந்ததே காரணமாகச் சொல்லப்பட்டது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருளை உண்டாக்கும். காரின் கண்டன்சரும் அலுமினியம்தான்.

பழைய கேஸை வெளியே திறந்துவிடுவதையும் அனுமதிக்காதீர்கள், செல்வி. ஆர்134ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 1,430 மடங்கு புவியைச் சூடாக்கும். அரைக் கிலோவைத் திறந்துவிட்டால் 700 கிலோவுக்கு மேல் கரியமில வாயு விட்டதற்குச் சமம். இத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் நாடுகள் உடன்பட்டன. இந்தியாவும் 2021இல் ஏற்றது. கேஸை உறிஞ்சி எடுத்துச் சேமிக்கும் இயந்திரம் உள்ள கடையைத் தேடுங்கள். அந்த இயந்திரம் எடுத்த கேஸின் எடையையும் காட்டும், அது உங்களுக்கு ஒரு சான்று.

ஈசிஆர் குமரன்:

அரித்த கண்டன்சரில் வெல்டிங் நிற்காது என்பதை ஏற்கிறேன், ராசு. முன்னால் கொசுவலை போன்ற கம்பி வலை மாட்டினால் கல்லும் உப்பும் படாமல் காக்கலாம் அல்லவா?

பணிமனை ராசு:

கல்லுக்கு உதவும், உப்புக்கு உதவாது. வலை நெருக்கமாக இருந்தால் காற்றையே தடுக்கும். மாட்டுவதானால் கண் அகலமான வலை, பூச்சி சேரும்போது எடுத்துத் தட்ட வேண்டும். கொசுவலை வேண்டவே வேண்டாம்.

முத்துநகர் செல்வி:

வேறொரு கடையில் வேலை முடிந்தது. பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பானெட்டுத் தாளில் 380 கிராம் என்றிருக்கிறது. இயந்திரம் எடுத்தது 500 கிராமுக்கும் மேல். வெப்பவியல் ஐயா கேட்ட கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்தது. நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு தடவியதும் அந்த இடப்பக்கக் கீழ்மூலையில் குமிழி வந்தது, மெதுவாக, ஆனால் விடாமல். விசிறி மோட்டாரின் கரிக்கட்டைகள் தேய்ந்திருந்தன, மோட்டாரையும் மாற்றினோம். பம்பரை மாட்டும்போது ஒரு பக்கப் பஞ்சுப் பட்டையை விட்டுவிட்டார்கள். கேட்டதும் மறுப்பில்லாமல் மாட்டிக் கொடுத்தார்கள்.

இப்போது நிற்கும்போதும் உயரழுத்தம் 230 அளவில் நிற்கிறது. நண்பகலில் ரயில்வே கேட்டில் நிறுத்திப் பார்த்தேன், குளிர் குறையவில்லை. என் மாமியாருக்கு மூச்சிரைப்பு உண்டு. அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது இந்த வண்டியில்தான். அதனால்தான் இவ்வளவு அக்கறையாகக் கேட்டேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒரே ஒரு சந்தேகம். இதே உப்பளச் சாலையில்தான் தினமும் போக வேண்டும். புதியதை எப்படிக் காப்பது?

பணிமனை ராசு:

மகிழ்ச்சி, அக்கா. வாரம் ஒருமுறை, வண்டி ஆறிய பிறகு, நல்ல தண்ணீரைக் குழாயில் மெதுவாகவிட்டு கிரில் வழியே கண்டன்சரைக் கழுவுங்கள். உங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் அது வேண்டாம். பிடித்து வைத்த மழைநீரோ குடிநீரோ இரண்டு குடம் போதும். அரிப்பு பெரும்பாலும் கீழ்ப்பகுதியில்தான் தொடங்கும். உப்புச்சேறு தெறித்துக் காயாமல் தங்கும் இடம் அது. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் சேரும் இலையையும் மண்ணையும் ஆண்டுக்கு ஒருமுறை பம்பரைக் கழற்றி, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கித் தண்ணீர் விட்டு எடுக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடமாவது ஏசியைப் போடுங்கள், கம்ப்ரசர் சீலுக்கு எண்ணெய் போய்ச் சேரட்டும்.

நெடுஞ்சாலை மணி:

ராசு தம்பி, என் வண்டியில் இரண்டு கோடையாகக் கேஸ் நிரப்புகிறேன். கண்டன்சர் முகத்தில் பிசுக்கு எதுவும் இல்லை, தகடுகளும் நன்றாக இருக்கின்றன, விசிறியும் வேகமாகச் சுற்றுகிறது. வேறு எங்கே தேட வேண்டும்?

பணிமனை ராசு:

அண்ணா, கம்ப்ரசரின் முன்புறம், கிளட்ச் தட்டுக்குப் பின்னால் எண்ணெய் தெறித்திருக்கிறதா பாருங்கள். கேஸ் நிரப்பும் இரண்டு முனைகளின் மூடியைத் திறந்து உள்ளே நுரை தடவிப் பாருங்கள். அந்தச் சின்ன வால்வு கசிவது மிகச் சாதாரணம், மாற்றவும் அதிகம் செலவாகாது. இரண்டிலும் இல்லை என்றால் டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில்தான். உள்ளே இருக்கும் தண்ணீர் வடியும் குழாயின் நுனியில் எண்ணெய்த் தடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.